தேயிலைக்குச் சிலோன், தோசைக்கு இந்தியா: எங்க தட்டுக்கு எந்த ஊர்?

தோசை இந்தியச் சாப்பாடாம்.

கண்டி டவுனில் ஒரு கடை. பேர் வேண்டாம், இதே வேலையைப் பண்ற கடைகள் நிறைய இருக்கு. செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச அன்னிக்கு நாங்க ஆறு பேர் போய் உட்கார்ந்தோம். மெனு கார்டை மூன்றாகப் பிரித்திருந்தார்கள்: ஸ்ரீலங்கன், யாழ்ப்பாணம், இந்தியன். சோறு கறி, பொல் ரொட்டி, கொத்து எல்லாம் முதல் பக்கம். கூழும் நண்டுக்கறியும் இரண்டாவது. தோசை, இட்லி, உளுந்து வடை, சாம்பார் மூன்றாவது.

எங்களில் மூன்று பேர் மலையகம். ஒருத்தி கலஹா, ஒருத்தன் புசல்லாவை, இன்னொருத்தி நாவலப்பிட்டிக்கு மேல ஒரு தோட்டம். கலஹாக்காரி கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துட்டு, சாப்பாடு எடுக்க வந்தவரிடம் கேட்டாள்: "அண்ணா, எங்க சாப்பாடு இதுல எந்தப் பக்கம்?" அவர் சிரிச்சார். "நானும் தோட்டந்தான் தங்கச்சி. நம்ம சாப்பாட்ட கடையில விக்கிறதில்ல, வீட்டுல திங்கிறது."

அவர் அதைச் சாதாரணமாத்தான் சொன்னார். எங்களுக்குத்தான் தொண்டையில் மாட்டிக்கிச்சு. ஊர் பேர் சொல்லி விற்கப்படுகிற சாப்பாடு ஒன்று. ஊரே இல்லாத சாப்பாடு இன்னொன்று. இந்தப் பிரிவினையை யார் போட்டது, அதில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்? 'சாப்பாடுதானே, இதுல என்ன அரசியல்?' என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

ஒரு செடியும் ஒரு சனமும்

முதலில் கண்டியின் மிகப் பிரபலமான உணவுப் பொருளிலிருந்து தொடங்குவோம். தேயிலை.

தேயிலை இந்த நாட்டுச் செடி கிடையாது. 1824இல் சீனாவிலிருந்து ஒரு தேயிலைச் செடி கொண்டுவந்து பேராதனைப் பூங்காவில் நட்டார்கள். 1839இல் அஸ்ஸாம் செடிகள் வந்தன. 1867இல் தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வியாபாரத்துக்காகப் பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் விழுந்து கோப்பி அழிந்த பிறகு மலை முழுக்கத் தேயிலை ஏறியது.

எங்கள் ஆட்கள் எப்போது வந்தார்கள்? 1823 வாக்கில் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கியபோது வரத் தொடங்கினார்கள். ராமேஸ்வரம் பக்கம் கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தார்கள். 2023இல் 'மலையகம் 200' நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் அந்தப் பாதையைத்தான் திரும்ப நடந்தார்கள்.

அதாவது தேயிலைச் செடியும் எங்கள் சனமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த மண்ணில் இறங்கினோம். ஒரு வருஷம் முன்னப் பின்ன. இருநூறு வருஷத்துக்குப் பிறகு அந்தச் செடிக்கு என்ன பேர்? சிலோன் டீ. 1972இல் நாடே தன் பேரை ஸ்ரீ லங்கா என்று மாற்றிக்கொண்டது, தேயிலையின் பேரை மட்டும் மாற்றவில்லை. 'சிலோன்' என்ற சொல்லுக்குச் சந்தையில் விலை இருந்தது. இன்றைக்குச் சிங்கச் சின்னம் போட வேண்டுமானால் பொதிக்குள் இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இங்கேயே பொதி செய்திருக்க வேண்டும். நாட்டுக்குள்ளேயும் ஏழு பிரதேசங்களைப் பிரித்து வைத்திருக்கிறது தேயிலைச் சபை. அதில் கண்டியும் ஒன்று. எந்த உயரத்தில் வளர்ந்தது, சாயம் எப்படி, மணம் எப்படி என்று செடிக்கு அவ்வளவு துல்லியமான ஊர் விலாசம் இருக்கு.

அந்தக் கொழுந்தைப் பறிக்கிற சனத்துக்கு? 1911 முதல் குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்'. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். இங்கே மிஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டுகிற சட்டம் வர 2003 ஆனது. செடி ஒரு ஐம்பது வருஷத்தில் உள்ளூர்க்காரனாகிவிட்டது. எங்களுக்கு அது முடிய நூற்றெண்பது வருஷம் எடுத்தது.

மெனு கார்டில் தோசை 'இந்தியன்' பக்கத்தில் இருப்பது அச்சுப் பிழையென்று நாங்கள் நினைக்கவில்லை. அந்தப் பழைய பட்டியல்தான் இப்போது சாப்பாட்டுக் கடையிலும் ஓடிக்கொண்டிருக்கு.

அங்கே சிலோன், இங்கே இந்தியா

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கு. தமிழ்நாட்டு ஓட்டல்களில் 'சிலோன் பரோட்டா' என்று ஒன்று விற்கிறார்கள். ஒப்பந்தத்தில் இங்கிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம் மறுபடியும் தேயிலை பறிக்கத்தான் போனார்கள். அங்கே அவர்களுக்குப் பேர் 'சிலோன்காரர்'. இங்கே இருந்தால் இந்தியாக்காரர், அங்கே போனால் சிலோன்காரர். அவர்கள் சாப்பாட்டையும் அப்படித்தான் நடத்துகிறோம். இங்கே தோசை இந்தியா, அங்கே பரோட்டா சிலோன்.

யாராவது எங்களிடம் 'தோசை இந்தியாவிலிருந்து வந்ததுதானே, உண்மையைச் சொன்னால் என்ன?' என்று கேட்கலாம். வந்ததுதான். அதே கேள்வியை மிளகாயிடமும் கேளுங்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் காலத்தில்தான் இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன் இங்கே காரம் என்றால் மிளகு. தமிழில் வந்தவனுக்கு 'மிளகு மாதிரி காய்' என்று மிளகாய் எனப் பேர் வைத்தோம். சிங்களத்தில் இன்னும் சுவாரசியம்: வந்த மிளகாய் 'மிரிஸ்' என்ற பேரையே எடுத்துக்கொண்டது, பாவம் உள்ளூர் மிளகு 'கம்மிரிஸ்' ஆனது, அதாவது ஊர் மிரிஸ். வந்தவன் வீட்டுக்காரனாகி, வீட்டுக்காரனுக்கு அடைமொழி கிடைத்த கதை. இன்றைக்குக் கட்டச்சம்பலை யாராவது 'மெக்சிகன்' பக்கத்தில் போடுவார்களா? அதில் விழுகிற மாசி மாலைதீவிலிருந்து வருவது. கொத்துக்கு வேண்டிய கோதுமை கப்பலில் வருவது. இவை எல்லாம் 'ஸ்ரீலங்கன்' பக்கத்தில் நிம்மதியாக இருக்கின்றன.

ஆகவே எங்கிருந்து வந்தது என்பதல்ல இங்கே கேள்வி. யாருடைய சாப்பாடு என்பதைப் பார்த்துத்தான் ஒன்றுக்கு ஊர் கொடுக்கிறார்கள், இன்னொன்றை வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்.

ஊர்ப் பேரில் யார் சம்பாதிக்கிறார்கள்?

உலகம் முழுக்க இப்போது சாப்பாட்டுக்கு ஊர்ப் பத்திரம் எழுதுகிற காலம். புவிசார் குறியீடு என்கிறார்கள். 2019இல் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் கிடைத்தது, 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு. ரசகுல்லாவுக்காக மேற்கு வங்கமும் ஒடிசாவும் வருஷக்கணக்கில் சண்டை பிடித்தன. கடைசியில் 2017இல் வங்கத்துக்கு ஒன்று, 2019இல் ஒடிசாவுக்கு ஒன்று என்று தனித்தனிப் பத்திரம் கிடைத்தது. எங்கள் நாட்டிலும் 2022இல் சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் குறியீட்டைக் கொடுத்தது. பத்திரிகைகள் கொண்டாடின.

நாங்கள் இதற்கு எதிரி இல்லை. கோவில்பட்டியில் மிட்டாய் செய்கிற சின்னச் சின்ன ஆட்களுக்கு அது உதவினால் நல்லது. ஆனால் இந்தப் பத்திரங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுக் குணம் இருக்கு. மண், மழை, உயரம், செய்முறை எல்லாம் பதிவாகும். செய்கிறவள் காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறாள், கையில் எவ்வளவு காசு வாங்குகிறாள் என்பது பதிவாகாது. 2004இல் இந்தியாவிலேயே முதல் புவிசார் குறியீடு வாங்கியது டார்ஜிலிங் தேயிலை. அங்கேயும் கொழுந்தெடுக்கிறவர்கள் லயத்தில்தான் இருக்கிறார்கள், அங்கேயும் வருஷா வருஷம் சம்பளத்துக்குத்தான் போராடுகிறார்கள். ஊர்ப் பேருக்குக் கிடைத்த மரியாதை ஊர்க்காரிக்குக் கிடைக்கவில்லை.

மாறாக ஒரு நல்ல உதாரணம் சொல்கிறோம். ஹெயிட்டி. அங்கே 'சூப் ஜூமு' என்று பூசணிக்காயில் ஒரு சூப். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அடிமைகள் அதைச் சமைப்பார்கள், முதலாளிகள் குடிப்பார்கள், சமைத்தவர்களுக்கு அது கிடையாது. 1804 ஜனவரி 1இல் சுதந்திரம் கிடைத்த பிறகு அந்த நாளில் நாடே அந்தச் சூப்பைக் குடிக்கிறது. 2021இல் அதை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். கவனியுங்கள், அவர்கள் 'எங்கள் மண்ணின் பூசணிக்காய் ருசி' என்று போய் நிற்கவில்லை. தோட்டத்தில் யார் சமைத்தார்கள், யாருக்கு மறுக்கப்பட்டது என்ற கதையோடு போனார்கள். அந்தச் சாப்பாட்டின் பிறப்பிடம் என்று அவர்கள் காட்டுவது ஒரு வேலையையும் ஒரு அநியாயத்தையும்.

எங்களுக்கும் அப்படித்தான் பேசத் தெரிய வேண்டும். அதற்கு முதலில் எங்கள் வெட்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் செய்த பித்தலாட்டம்

கம்பஸில் ஒரு கலாசார நிகழ்வு. ஒவ்வொரு பிரதேசத்து மாணவர்களும் 'பாரம்பரிய உணவு' ஸ்டோல் போட வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஒடியற்கூழ் காய்ச்சினார்கள். மட்டக்களப்புப் பிள்ளைகள் தயிர், பிட்டு, மீன். மலையக ஸ்டோலில் நாங்கள் என்ன வைத்தோம் தெரியுமா? கம்பங்கூழும் குரக்கன் களியும். யூடியூப் பார்த்து. தமிழ்நாட்டுச் சானல்.

ஏன்? ரொட்டி வைக்க வெட்கமா இருந்துச்சு. 'ரொட்டியெல்லாம் பாரம்பரியமா? அது இல்லாதவங்க திங்கிறது'ன்னு எங்களில் ஒருத்தரே சொன்னார், மத்தவங்க தலையாட்டினோம். களி எப்படிக் கிண்டுறதுன்னு கேட்க நாவலப்பிட்டித் தோழி தன் அம்மாயிக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாருக்கும் கேட்டது. "களியா? நான் எங்கடி களி கிண்டுனேன்? எங்க அம்மா கிண்டுனதா சொல்லும். நமக்குக் காலையில ரொட்டி, மலையில ரொட்டி, ராவைக்குத்தான் சோறு. அத வச்சுக் குடுங்க, அதுதான உங்கள வளத்துச்சு."

கூழ் வித்துத் தீர்ந்தது. பாராட்டும் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு நாங்கள் செய்தது அந்த மெனு கார்டு செய்த அதே வேலை. எங்கள் சாப்பாட்டின் பிறப்பிடத்தை நாங்களே கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தோம். எங்கள் அம்மாக்கள் எந்த ஊரில் நின்று எந்த அடுப்பில் சுட்டார்களோ அந்த ஊரை அழித்துவிட்டு, இருநூறு வருஷத்துக்கு முந்திய திருச்சி, சேலம், புதுக்கோட்டைக்குப் போய் 'பாரம்பரியம்' தேடினோம்.

ரொட்டி எங்கே பிறந்தது?

சரி, ரொட்டியைப் பார்ப்போம். கோதுமை இங்கே விளைவதில்லை. தோட்டங்களுக்குத் தொடக்கத்தில் கொடுத்தது இறக்குமதி அரிசி. அதையும் சும்மா கொடுக்கவில்லை, சம்பளத்தில் கழித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. நாட்டில் பங்கீடு வந்தது, கோதுமை மா சாப்பாட்டுக்குள் நுழைந்தது. பிறகு அமெரிக்க மா, அதற்குப் பிறகு திருகோணமலை ஆலை மா. தோட்டத்தில் மாவைக் கடனுக்குக் கொடுத்துச் சம்பளத்தில் வெட்டுகிற பழக்கம் எங்கள் பெற்றோர் காலத்திலும் இருந்தது.

ஆனால் மா வந்த கதை பாதிதான். அந்த மா ஏன் பாணாகாமல், பிட்டாகாமல், தடித்த ரொட்டியானது? அதற்குப் பதில் பெரட்டு நேரத்தில் இருக்கிறது. விடியப் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். அதற்கு முன் பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட வேண்டும். பிந்தினால் பேர் விழாது, அரைப்பேர்தான். நாலு மணிக்கு எழும்புகிற ஒரு பொம்பளைக்கு, ஈர விறகில், ஒரே அடுப்பில், ஆறு பேருக்குக் காலைக்கும் மலைக்கும் சேர்த்து எதைச் சுட முடியும்? ரொட்டியை. எதைத் துணியில் சுற்றிக் கூடையோடு எடுத்துக்கொண்டு போக முடியும்? மழையில், அட்டைக் கடியில், தேயிலைக்கு நடுவில் நின்றுகொண்டே ஒரு கையால் எதைத் தின்ன முடியும்? ரொட்டியும் கட்டச்சம்பலும். ஆறிப் போனாலும் வயிற்றில் நிற்கும், மத்தியானம் கொழுந்து நிறுக்கிற வரை தாங்கும்.

ஆக இந்த ரொட்டி பிறந்தது பஞ்சாபில் இல்லை, அமெரிக்காவில் இல்லை, திருச்சியிலும் இல்லை. ஹந்தானை, கலஹா, புசல்லாவை மலைகளில், பெரட்டுக்கும் கொழுந்து நிறுவைக்கும் இடைப்பட்ட நேரத்தில் பிறந்தது. 'கண்டிப் பிரதேசத் தேயிலை' எந்த மலையில் வளர்கிறதோ அதே மலைதான். அந்தத் தேயிலைக்குக் கண்டி என்று பேர் இருக்கலாம் என்றால் இந்த ரொட்டிக்கும் இருக்கலாம்.

இன்னொன்று சொல்கிறோம், இதுக்கு எந்த மறுப்பும் கிடையாது. கொழுந்துச் சம்பல். அதே அம்மாயி சொல்லித் தந்தது. பச்சை இளங்கொழுந்தைப் பொடிசா அரிஞ்சு, வெங்காயம், பச்சமிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு, தேசிக்காய்ப் புளி. கசக்கும், ஆனால் ரொட்டியோடு இறங்கும். மலைக்குக் கொண்டுபோற சம்பல் பத்தாதபோது பொம்பளைகள் கண்டுபிடித்தது என்கிறார் அம்மாயி. "கங்காணி பாக்காத நேரத்துல கிள்ளி மடியில போட்டுக்குவோம். கொழுந்து தோட்டத்துச் சொத்து, நாங்க திருடித்தான் தின்னோம்" என்றார் சிரித்துக்கொண்டே. இதை எந்த இந்தியப் பக்கத்தில் போடுவீர்கள்? தேயிலை மலை இல்லாமல் இந்தச் சாப்பாடே இல்லை. எந்தக் குறியீட்டுச் சட்டத்தின்படி பார்த்தாலும் இது இந்த மண்ணோடு ஒட்டிய உணவு.

அழகாக்கவும் விடமாட்டோம்

இங்கே நாங்கள் நின்றுவிட்டால் அது இன்னொரு பித்தலாட்டம். 'ஆஹா, லயத்து ரொட்டி! எவ்வளவு எளிமை!' என்று நாளைக்கே ஒரு ஹோட்டல் வாழை இலையில் வைத்து, சின்னக் கல்லுரலில் சம்பல் இடித்துக் கொடுத்து, டொலர் வாங்கும். சுற்றுலாக்காரர் ஃபோட்டோ எடுப்பார். சுட்டுப் பழகியவள் மலையில் நிற்பாள்.

ரொட்டியில் பசியும் இருக்கு. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் இறப்பு வீதம் ஏறியது. வயசானவர்கள் அதை இன்னும் பஞ்ச காலம் என்றுதான் சொல்கிறார்கள். கீரையும் மரவள்ளியும் தேடி அலைந்ததை, டவுனுக்கு வந்து கையேந்தியதைச் சொல்வார்கள். 2022இல் நாடு விழுந்தபோது ஒரு கிலோ கோதுமை மா 400 ரூபாய் வரை போனது. அன்றைக்குத் தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் போராடி வாங்கிய 1000 ரூபாய். மற்ற வீடுகளில் பாண் குறைந்தது. எங்கள் வீடுகளில் ஒரு வேளையே குறைந்தது. 2024இல் சம்பளம் 1350 ஆனது. அந்தக் காசில் அன்றைக்கு ஆறு பேருக்கு மூன்று வேளை எப்படி என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இதனால்தான் 'ரொட்டியை விட்டுட்டுக் குரக்கனுக்கு மாறுங்க, அதுதான் ஆரோக்கியம், அதுதான் முன்னோர் உணவு' என்று முகாம் போட்டுப் புத்தி சொல்கிறவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் வருகிறது. மாவில் சத்துக் குறைவு என்பது உண்மை. ஆனால் குரக்கன் எங்கே விதைக்க? லயத்து வாசலிலா? மரக்கறி போட ஒரு துண்டு நிலம் இருந்தாலும் அது தோட்டத்து நிலம், எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். வீட்டுக்கென்று ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று பேசிப் பேசியே ஆட்சிகள் மாறுகின்றன. சொந்த நிலமும் சொந்த நேரமும் இல்லாத சனத்திடம் பாரம்பரிய உணவைக் காப்பாற்றச் சொல்வது, நீச்சல் குளம் இல்லாத ஊரில் நீச்சல் போட்டி வைக்கிற மாதிரி.

'யாழ்ப்பாணச் சாப்பாட்டுக்குப் பேர் இருக்கே, நீங்களும் வச்சுக்க வேண்டியதுதானே' என்று எங்கள் யாழ்ப்பாணத் தோழர்களே கேட்கிறார்கள். கூழுக்குப் பேர் வந்ததற்குக் காரணம் அதன் ருசி மட்டுமில்லை. காணி இருந்தது, பனை இருந்தது, கடல் இருந்தது. போருக்குள்ளும் அது நினைவாக, புலம்பெயர்ந்தவர்களின் ஏக்கமாக உலகம் சுற்றியது, பத்திரிகையும் புத்தகமும் அதை எழுதின. எங்களுக்கு எழுதுகிறவர்கள் இப்போதுதான் கம்பஸுக்கே வந்துகொண்டிருக்கிறோம்.

பேர் வச்சா சம்பளம் கூடுமா?

இந்தக் கேள்வியையும் எதிர்கொள்கிறோம், ஏனென்றால் இது எங்கள் வீடுகளிலேயே கேட்கப்படுகிற கேள்வி. நேரடியாகக் கூடாது. ஆனால் பேர் இல்லாததால் சம்பளம் குறைந்திருக்கிறது என்று நாங்கள் சொல்கிறோம். இருநூறு வருஷமாக 'வந்தவர்கள், போகப்போகிறவர்கள்' என்று எண்ணியதால்தான் நிலம் கொடுக்காமல் இருக்க முடிந்தது, பத்தடிக் காம்பிராவில் மூன்று தலைமுறையை அடைக்க முடிந்தது. ஒரு சனத்தின் அடுப்பு இந்த ஊருக்குச் சொந்தம் என்று ஒத்துக்கொண்டால் அந்த அடுப்பு நிற்கிற நிலமும் அவர்களுக்குச் சொந்தம் என்ற பேச்சு அடுத்ததாக வந்தே தீரும். மெனு கார்டில் எங்களை இந்தியாவுக்கு அனுப்புகிறபோது அந்தப் பேச்சுத் தள்ளிப் போகிறது.

ஆகவே நாங்கள் கேட்பவை சில.

கண்டிக் கடைக்கார அண்ணாமாருக்கு: தோசையையும் வடையையும் 'இந்தியன்' பக்கத்திலிருந்து எடுங்கள். கண்டியில் தோசை தின்னாத இனம் எது? சிங்களவர் 'தோசே' என்கிறார்கள், முஸ்லிம் கடையில் காலையிலேயே கல் சூடாகிறது. அது இந்த ஊர்ச் சாப்பாடு.

தேயிலையைக் காட்டிக் காசு பார்க்கிற சுற்றுலாக்காரர்களுக்கு: ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை இன்றைக்குத் தேயிலை அருங்காட்சியகம். டெய்லரையும் லிப்டனையும் அங்கே தெரிந்துகொள்ளலாம். நல்லது. ஆனால் லூல்கந்துரவின் அந்த 19 ஏக்கரில் முதல் கொழுந்தெடுத்தவர்களில் ஒருவரின் பேரை உங்களில் யாராவது சொல்வீர்களா? தேயிலை பார்க்க வருகிறவர்களுக்குக் கொழுந்துச் சம்பலும் ரொட்டியும் கொடுங்கள். கொடுக்கிறவர்கள் தோட்டத்துப் பெண்களாக இருக்கட்டும், கடையும் காசும் அவர்கள் கையில் இருக்கட்டும். இது நடக்காத விஷயம் இல்லை. கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' போய்ப் பாருங்கள். கிராமத்துப் பெண்கள் எங்கள் கண் முன்னாலேயே சமைத்து விற்கிறார்கள், நாங்களும் வரிசையில் நின்று வாங்குகிறோம். அதே ஏற்பாடு ஏன் தோட்டத்துப் பெண்களுக்கும் வரக்கூடாது? வரும்போது அதற்கு வைக்கிற பேரில் எங்களுக்கும் இடம் இருக்கட்டும்.

அரசாங்கத்துக்கு: நிலம். வேறு எதையும் இந்த வரியில் சேர்க்க நாங்கள் விரும்பவில்லை.

கடைசியாக எங்களுக்கே: அடுத்த நிகழ்வில் மலையக ஸ்டோலில் ரொட்டி வைப்போம். பக்கத்தில் ஒரு கார்ட்போர்டில் மூன்று விஷயம் எழுதி வைப்போம்: சுட்டவர் எத்தனை மணிக்கு எழும்பினார், அன்றைக்கு மா என்ன விலை, அவருடைய நாட்சம்பளம் என்ன. அதைப் படித்துவிட்டுச் சாப்பிடட்டும். அதோடு ஒவ்வொருத்தரும் வீட்டுக்குப் போய் அம்மாயி, அப்பாயி, பெரியம்மாவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வருவோம். எந்தத் தோட்டம், எந்த வருஷம், எதைத் தின்றீர்கள், எது கிடைக்கவில்லை என்று. செய்முறை மட்டும் போதாது.

அந்த அம்மாயிக்குப் போன வாரம் மறுபடி ஃபோன் போட்டோம். இந்த முறை ரொட்டி வைக்கப்போறோம்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மாவுல தேங்காய்ப்பூவ கொஞ்சம் தாராளமா போடுங்க. எங்களுக்குத்தான் அதுக்கு வழியில்லாம இருந்துச்சு" என்றார்.